ஒரு மடக்குத் தண்ணீர்: டிரிப் லீடர் தேர்வில் இரண்டாவது தடவை தேறிய கதை

போன வியாழக்கிழமை ராத்திரி பதினொன்றரைக்கு மெயில் வந்தது. தேறிவிட்டேன். ஆகஸ்ட் கடைசியில் கல்லூரியின் புது மாணவர்கள் ஏழு பேரை, மினசோட்டாவின் ஏரிக்காடான பவுண்டரி வாட்டர்ஸுக்குக் கேனோவில் (துடுப்புப் போடும் ஒடுங்கலான படகு) கூட்டிப்போகும் இரண்டு லீடர்களில் நானும் ஒருத்தி.

உடனே அம்மாவுக்கு போன் போட்டேன். "பாஸ் பண்ணிட்டேம்மா" என்றதும் சந்தோஷப்பட்டாள். என்ன பரீட்சை என்று தெரிந்ததும், "காட்டுல துடுப்புப் போடவாடி உன்னை மினசோட்டா வரைக்கும் அனுப்பினோம்?" என்றாள். பின்னாலிருந்து அப்பா, "சம்பளம் உண்டா, கேளு" என்றார். கிடையாது என்றேன். பேச்சு அத்தோடு முடிந்தது.

போன வருஷம் இதே தேர்வில் தோற்றேன். அந்தக் கசப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை, அதனால் கீழே எழுதுவதில் கொஞ்சம் காரம் இருக்கும். நேர்காணல், வூஃபர் (WFR, காட்டில் முதலுதவி செய்வதற்கான வகுப்பும் தேர்வும்), ஏரித் தேர்வு, ஐந்து நாள் பயிற்சிப் பயணம் என்று நான்கு கட்டம் இருப்பது விண்ணப்பிக்க நினைக்கிறவர்களுக்குத் தெரியும். அதையெல்லாம் திரும்ப விளக்கப் போவதில்லை.

முதலில் தோற்ற கதை. வூஃபர் எழுத்துத் தேர்வில் எனக்கு 100க்கு 93. எழுபது மணி நேரத்துக்கு மேல் நடக்கும் அந்த வகுப்பில் ஒரு நிமிஷம்கூடத் தவறவிட்டதில்லை. நோட்டு முழுக்க மூன்று நிறப் பேனா. செய்முறைத் தேர்வு ஜோடி ஜோடியாக, கட்டடத்துக்குப் பின்னால், பாதி உருகிய பனியில். விசில் அடித்தார்கள். ஒரு பையன் கையில் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டு, "எரியுது, எரியுது" என்று கத்துகிறான். நான் ஓடினேன். ஓடிப்போய் மண்டியிட்டு, கையுறை மாட்டிக்கொண்டு, "என் பெயர் இது, உதவட்டுமா?" என்று பாடம் ஒப்பிக்க ஆரம்பித்தேன். தேர்வாளர் மெதுவாக வந்து என் மடியில் ஒரு அட்டையை வைத்தார். 'உனக்கும் தீக்காயம்' என்று எழுதியிருந்தது. அப்புறம்தான் பார்த்தேன். என் முழங்காலுக்கு அரையடி தள்ளி ஒரு கேஸ் அடுப்பு, பக்கத்தில் சாய்ந்து ஒழுகும் எரிபொருள் பாட்டில். (உள்ளே இருந்தது தண்ணீர்தான்.) என் ஜோடிக்கு ஒரு நோயாளிக்குப் பதில் இரண்டு பேர். அவனும் என்னால் தோற்றான். மூன்று வாரம் என்னிடம் பேசவில்லை.

அந்த முதல் இருபது வினாடிதான் என் ஒரு வருஷத்தை எடுத்துக்கொண்டது. ஆகவே இதிலிருந்து ஒரே ஒரு விஷயம்தான் எடுத்துப்போவீர்கள் என்றால் இதை எடுத்துப்போங்கள்: விசில் அடித்ததும் ஓடாதீர்கள். இடுப்பில் இருக்கும் தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குக் குடியுங்கள். மூடியைத் திருகி மூடுங்கள். அதற்கப்புறம் காலை எடுத்து வையுங்கள்.

சிரிப்பாக இருக்கும், தெரியும். பாடத்தில் இதற்கு சீன் சைஸ்-அப் என்று பெயர்: எனக்கு ஆபத்து இருக்கிறதா, என்ன நடந்தது, எத்தனை பேர், கையுறை உண்டா. இதை ராத்திரி தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன். ஆனால் ஒருத்தன் கத்தும்போது தலைக்குள் இருக்கும் பட்டியல் வேலை செய்யாது. கைக்கு ஒரு வேலை கொடுத்தால்தான் கால் நிற்கும். தண்ணீர் குடிக்கும்போது தலை தானாக நிமிரும், கண் நாலு பக்கமும் போகும். ஒரு மடக்குக்கு எனக்கு ஏழு வினாடி ஆகிறது, அளந்து பார்த்திருக்கிறேன்.

இந்த வருஷம் என்ன ஆனது தெரியுமா? விசில். சரிவில் இரண்டு பேர் விழுந்து கிடக்கிறார்கள், கேனோ சுமந்து வந்தபோது வழுக்கிவிட்டதாம். ஒருத்தி கணுக்காலைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். நான் பாட்டிலைத் திறந்தேன். என் ஜோடி என்னை முறைத்தான். குடித்துக்கொண்டே பார்த்தேன். கேனோ அவர்களுக்கு மேலே ஒரு பாறையில் பாதி தொங்கிக்கொண்டு இருந்தது. சரி, முதலில் அதைக் கட்ட வேண்டும். இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஒரு கட்டை மேல் கோகோ குடித்த கப்புகள். இரண்டு இல்லை, மூன்று. மூன்றாவது ஆள் எங்கே? பிர்ச் மரத்துக்குப் பின்னால், ஈரக் காலுறையோடு, சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருந்தான். அவன் சட்டையில் குத்தியிருந்த அட்டையில், 'நடுக்கம் நின்று பத்து நிமிஷம் ஆகிறது' என்று இருந்தது. கத்துகிறவர்களைவிட அவன் நிலைமைதான் மோசம். மற்ற நான்கு ஜோடிகளில் மூன்று ஜோடி அவனைப் பார்க்கவே இல்லை என்று அப்புறம் கேள்விப்பட்டேன். அதில் இரண்டு ஜோடி என்னைவிடக் கட்டு நன்றாகப் போடுவார்கள்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். இது என்னை மாதிரி பாய்கிற ஆட்களுக்கான வைத்தியம். என் சக லீடர் நேர்மாறு, அவன் உறைந்து நின்றுவிடுவான். அவன் தண்ணீர் பாட்டிலைத் திறந்தால் முழுசும் குடித்து முடிக்கும்வரை நிற்பான். அவன் மூன்று எண்ணி இடது காலை முன்னால் வைக்கிறான். நீங்கள் எந்த ரகம் என்று உங்கள் அறைத் தோழியைக் கேளுங்கள். உங்களைவிட அவளுக்குத் தெரியும்.

எழுத்துத் தேர்வு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. படித்தால் வரும். உடல் குளிர்ந்துபோவதைப் பற்றி மட்டும் நிறையக் கேட்கிறார்கள், அதை நன்றாகப் பாருங்கள். ஆள் காரணமில்லாமல் எரிந்து விழுவது, பேச்சு குழறுவது, ஜிப்பை இழுக்கக் கை வராதது, நடை தடுமாறுவது என்று வரிசையாக வரும். நடுக்கம் இருக்கும்வரை உடம்பு போராடுகிறது என்று அர்த்தம். உடம்பு சில்லென்று இருக்கும்போதே நடுக்கம் நின்றுபோனால் 'சரியாகிவிட்டான்' என்று எழுதிவைக்காதீர்கள். ஒருத்தி எழுதினாள்.

நேர்காணல்தான் என் நேரத்தை வீணடித்தது. இந்த மாதிரிப் பயணங்களின் வரலாற்றையெல்லாம் உருப்போட்டுக்கொண்டு போனேன். டார்ட்மத் கல்லூரியில் மாணவர் வெளிக்களச் சங்கம் 1909-ல் தொடங்கியது, புது மாணவர்களை மலைக்குக் கூட்டிப்போவது 1935-ல் ஆரம்பித்தது, பிரின்ஸ்டனில் 1974, வேல்ஸில் குர்ட் ஹான் ஆரம்பித்த அவுட்வர்ட் பவுண்ட் என்ற வெளிக்களப் பள்ளி 1941. அதில் ஒரு கேள்விகூட வரவில்லை. கேட்டது இதுதான்: "மூன்றாம் நாள் ராத்திரி ஒரு பெண் வீட்டுக்குப் போக வேண்டும் என்று அழுகிறாள். காருக்கு இரண்டு நாள் தூரம். என்ன செய்வாய்?" போன வருஷம் நான் ஊக்கம் தரும் சொற்பொழிவு ஒன்று ஆற்றினேன். இந்த வருஷம், "சாப்பிட்டாளா, கால் ஈரமா என்று முதலில் பார்ப்பேன். அப்புறம் பாத்திரம் தேய்க்க என்னோடு கூப்பிட்டுக்கொள்வேன்" என்றேன். எதிரே இருந்தவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். நானே புது மாணவியாகப் போனபோது மூன்றாம் நாள் அழுதவள்தான். அந்த லீடர் அக்கா என்னிடம் ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை, கரி பிடித்த சட்டியைக் கையில் கொடுத்தாள்.

ஏரித் தேர்வு. மே முதல் வாரம், பனிக்கட்டி உருகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். கவிழ்த்துக் காட்ட வேண்டும் என்பதால் எல்லோருக்கும் இதில்தான் பயம். நீரில் விழுந்த முதல் ஒரு நிமிஷம் மூச்சு அடங்காது. அப்போது எதுவும் செய்யப் பார்க்காமல் லைஃப் ஜாக்கெட்டை நம்பி மிதந்துகொண்டு மூச்சை மட்டும் சீராக்கிக்கொள்ளுங்கள். கை கால் சொன்னபடி கேட்பது ஏறக்குறைய அடுத்த பத்து நிமிஷத்துக்குத்தான். டி-ரெஸ்க்யூவை அதற்குள் முடிக்க வேண்டும்: கவிழ்ந்த கேனோவை உங்கள் கேனோவின் விளிம்பு மேல் குறுக்கே இழுத்து, தண்ணீரை வடித்து, திருப்பிப் போட்டு இறக்கிவிடுவது. விழுந்தவர்கள் படகைவிட்டு நீந்திப் போகக் கூடாது. நான் தாமிரபரணியில் நீச்சல் பழகியவள், கரை பக்கத்தில்தானே என்று போன வருஷம் நீந்த ஆரம்பித்தேன். நீச்சல் தெரிந்தவர்களுக்குத்தான் இந்தப் புத்தி வரும்.

ஜே-ஸ்ட்ரோக்கில் (படகு நேராகப் போகத் துடுப்பை J வடிவில் இழுப்பது) இழுப்பின் முடிவில் மேல் கையின் கட்டைவிரல் கீழே பார்க்க வேண்டும். மேலே பார்த்தாலும் படகு நேராகப் போகும், ஆனால் வேகம் குறையும், மதிப்பெண்ணும் குறையும்.

கேனோ தூக்குவது. ஐந்தடி உயரம் எனக்கு. எங்கள் அலுமினியக் கேனோ முப்பது கிலோவுக்கு மேல். தனியாகத் தொடையில் ஏற்றித் தோளில் புரட்டிப்போடுகிற வித்தையை இரண்டு மாதம் பழகி, முதுகைக் கெடுத்துக்கொண்டேன். தேவையே இல்லை. ஒருத்தர் முனையைத் தூக்கிப் பிடிக்க, இன்னொருத்தர் அடியில் நுழைந்து நுகத்தை (படகின் நடுவில் இருக்கும் குறுக்குக் கட்டை) தோளில் வாங்கிக்கொண்டால் போதும். மதிப்பெண் ஒன்றும் குறையாது. இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை, கூட இருந்த பையன்கள் எல்லோரும் தனியாகத் தூக்கிக்காட்டினார்கள், நானும் தூக்கினேன்.

பயிற்சிப் பயணத்தில் வரைபடம் என் கையில் இருந்த நாள் லேக் ஒன். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். லேக் ஒன், டூ, த்ரீ, ஃபோர் என்று வாய்ப்பாடு மாதிரி வரும், ஆனால் முதல் ஏரியிலேயே தீவும் குடாவுமாகக் கண்ணைக் கட்டிவிடும். அங்கே வழி தவறாதவர்கள் குறைவு. நாற்பது நிமிஷம் தப்பான குடாவுக்குள் எல்லோரையும் துடுப்புப் போட வைத்தேன். மதிப்பீட்டாளர் பின்னால் உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டே வந்தார். கடைசியில் படகுகளை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "நாம் எங்கே இருக்கிறோம் என்று எனக்குத் தெரியவில்லை" என்றேன். தோற்றேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் முடிவோடு வந்த குறிப்பில் அந்த ஒரு வாக்கியத்தைத்தான் பாராட்டி எழுதியிருக்கிறார்கள். (ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.) அன்று சாயங்காலம் லேக் த்ரீயில் தங்கினோம். 2011 பகாமி கிரீக் தீயில் எரிந்த மரங்கள் இன்னும் கறுப்புக் குச்சிகளாக நிற்கின்றன, அடியில் ஆளுயரத்துக்கு இளம் பைன்.

மீதியைக் கொட்டிவிடுகிறேன்:

- போர்ட்டேஜ் (ஏரிக்கு ஏரி படகைச் சுமந்து நடக்கும் பாதை) தூரம் ராட் கணக்கில் இருக்கும். ஒரு ராட் 16.5 அடி, ஏறக்குறைய ஒரு கேனோ நீளம். 320 ராட் ஒரு மைல். மூட்டைக்காக இரண்டாம் நடை போனால் மொத்தம் மூன்று மடங்கு நடை, மறந்துவிடாதீர்கள்.
- ஒரு குழுவுக்கு அதிகபட்சம் 9 பேர், 4 படகு. போர்ட்டேஜில் இன்னொரு குழு நின்றால் அவர்கள் போகும்வரை தண்ணீரிலேயே காத்திருங்கள். மதிப்பீட்டாளர் இதைப் பார்க்கிறார்.
- தகர டப்பா உணவும் கண்ணாடி பாட்டிலும் உள்ளே கொண்டுபோகக் கூடாது. அம்மா கொடுத்த ஆவக்காயை பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றுங்கள்.
- துவரம்பருப்பு வேண்டாம், வேகாது, எரிபொருளைக் குடித்துவிடும். வறுத்த பாசிப்பருப்பு, புளியோதரைப் பொடி. பெருங்காயத்தையும் சாப்பாட்டு மூட்டையோடுதான் கரடிக்கு எட்டாமல் மரத்தில் தொங்கவிட வேண்டும், தரையிலிருந்து 12 அடி, அடிமரத்திலிருந்து 6 அடி. கூடாரத்துக்குள் வைத்துக்கொண்டு தூங்கிய புத்திசாலி நான்தான்.
- பருத்தி உடை எதுவும் வேண்டாம், உள்ளாடை உட்பட.
- பெண்களுக்கு: மாதவிடாய்ப் பொருட்களை எல்லோர் எதிரிலும் எடுத்துக்காட்டிப் பேசச் சொல்வார்கள். கூச்சப்படாமல் பேசுங்கள். பயன்படுத்தியதைப் புதைக்கக் கூடாது, பையில் போட்டுத் திரும்ப எடுத்து வர வேண்டும்.
- தண்ணீரை நன்றாகக் கொதித்த பிறகு ஒரு நிமிஷம் கொதிக்க விட்டால் போதும். பத்து நிமிஷம் என்று எழுதினால் தப்பு.
- சோப் நோட்டை (SOAP, நோயாளியின் நிலையை எழுதிவைக்கும் குறிப்பு) பென்சிலால் எழுதுங்கள். பேனா மழையில் போயே போய்விடும்.

நேற்று எங்கள் ஏழு பேரின் படிவங்கள் வந்தன. 'எதற்கு அதிகம் பயப்படுகிறீர்கள்?' என்று ஒரு கேள்வி உண்டு. ஒருத்தன் இடி மின்னல், ஒருத்தி அட்டைப்பூச்சி. மீதி ஐந்து பேரும் கக்கூஸ் என்று எழுதியிருக்கிறார்கள். அங்கே ஒவ்வொரு தங்குமிடத்துக்கும் பின்னால் காட்டுக்குள் சுவரும் கூரையும் இல்லாத ஒரு பெட்டி இருக்கும், அவ்வளவுதான். நானும் இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதே கட்டத்தில் அதையேதான் எழுதினேன். முதல் நாள் படகைக் கரையேற்றியதும், கூடாரம் அடிப்பதற்கு முன்னால், ஏழு பேரையும் அங்கேதான் முதலில் கூட்டிப்போகப் போகிறேன்.