யார் சொன்னது? மொரீஷியஸ், ரோட்ரிக்ஸ் களப்பயணம் போகிறவர்களுக்கு

என் முதல் களப்பயண அறிக்கை திரும்பி வந்தபோது ஓரமெல்லாம் பென்சிலில் ஒரே கேள்வி: "யார் சொன்னது?" எண்ணிப் பார்த்தேன், பதினான்கு இடங்கள். மதிப்பெண்ணை விடுங்கள், தேறினேன்.

மொரீஷியஸில் சுற்றுச்சூழல் முதுகலை படிக்க வந்த முதல் வருடம் அது. தொண்டிக் கடற்கரையில் வளர்ந்தவள், கடலைப் பற்றி எனக்குத் தெரியாததா என்ற மிதப்பு வேறு. அந்த அறிக்கையில் நான் பெருமையாக எழுதிய பத்தி தம்பலகோக் மரத்தைப் பற்றியது. டோடோ பறவை விழுங்கி வெளியேற்றினால்தான் அதன் விதை முளைக்கும், டோடோ அழிந்ததால் மரமும் அழிகிறது என்று எங்களை அழைத்துப்போனவர் சொன்னார். கேட்க அழகாக இருந்தது, அப்படியே எழுதிவிட்டேன். 1977இல் ஸ்டான்லி டெம்பிள் என்ற அமெரிக்க விஞ்ஞானி முன்வைத்த கருத்து அது. டோடோ அழிந்து நூற்றாண்டுகள் கழித்து முளைத்த மரங்களும் காட்டில் உண்டு, பறவையின் உதவி இல்லாமலும் விதை முளைக்கும் என்று பின்னால் வந்தவர்கள் மறுத்திருக்கிறார்கள். நூலகத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் தெரிந்திருக்கும்.

மறுவருடம் பத்து நாள் குழுப்பயணம். தென்கிழக்குக் கரையில் நான்கு நாள், ரோட்ரிக்ஸ் தீவில் ஆறு நாள். இந்த முறை ஒன்றை மட்டும் மாற்றினேன். குறிப்பேட்டின் இடது ஓரத்தில் கோடு கிழித்து, ஒவ்வொரு வரிக்கும் ஓர் எழுத்து போட்டேன். கண்டது 'க', கேட்டது 'கே', படித்தது 'ப'. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்ற பழமொழியைச் சொல்லி என் வகுப்புத் தோழிக்கு இதை விளக்கினேன். "அப்படியென்றால் விசாரித்ததற்கு எந்த எழுத்து, அக்கா?" என்றாள். அவள் இந்தத் தீவுத் தமிழ்க் குடும்பத்துப் பெண். பள்ளி முடியும்வரை தமிழைப் பாடமாகப் படித்தவள். எழுத்துக்கூட்டி நன்றாக வாசிப்பாள், பேசும்போது பாதியில் இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலுக்கு நழுவிவிடுவாள். அவள் கேட்டது நியாயமான கேள்விதான். 'கே'யும் 'ப'வும் ஒத்துப்போனால் கீழே ஒரு கோடு போடுவது என்று முடிவு செய்தோம்.

முதலில் போனது இல் ஓ எக்ரெத். மாயேபூர் பக்கம், கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர்கூட இல்லாத 26 ஹெக்டேர் பவளத் திட்டு. புவாந்த் ஜெரோமிலிருந்து படகு. அந்தச் சின்னப் பயணத்திலேயே அலை தெறித்து என் பேனா எழுத்தெல்லாம் நீலக் கறையாகிவிட்டது. பென்சில் கொண்டுபோங்கள், இரண்டாக.

அந்தத் திட்டில் இருப்பது, ஒரு காலத்தில் மொரீஷியஸ் கரையோரமெங்கும் இருந்த உலர்காட்டின் மிச்சம். கருங்காலியை வெட்டித் தீர்த்தார்கள், எலியும் பூனையும் மற்றதைத் தின்றன. 1965இல் காப்பிடமானது. இப்போது மொரீஷியஸ் வனவிலங்கு அறக்கட்டளை பார்த்துக்கொள்கிறது. இளஞ்சிவப்புப் புறாவை அங்கே கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம். 1990 வாக்கில் காட்டில் பத்துச் சொச்சம்தான் மிஞ்சியிருந்த பறவை அது. எல்லோரும் அதைப் படமெடுக்க ஓடினார்கள், நானும்தான்.

எனக்கு மதிப்பெண் வாங்கித் தந்தது புறா இல்லை, ஆமைச் சாணம். செஷெல்ஸ் நாட்டு அல்டாப்ரா தீவின் ராட்சத ஆமைகளை 2000இல் இங்கே கொண்டுவந்து விட்டார்கள். மொரீஷியஸின் சொந்த ஆமைகள் அழிந்துவிட்டதால் அவற்றின் வேலையைச் செய்ய ஓர் ஏற்பாடு. பாதையோரம் காய்ந்து கிடந்த ஒரு சாணக் குவியலைக் குச்சியால் கிளறினேன். நார் நாராகப் புல், அதற்குள் கருங்காலி விதை மூன்று, வழவழவென்று, பல் படாமல். 'க' போட்டேன். ஆமை வயிற்றில் போய்வந்த விதை நன்றாக முளைக்கிறது என்று வழிகாட்டி சொன்னார், 'கே'. அறைக்குத் திரும்பித் தேடினால் 2011இல் வந்த ஓர் ஆய்வு அதையே சொன்னது, 'ப'. கீழே கோடு. என் அறிக்கையின் மிக நல்ல பத்தி, மூன்று வரிக் குறிப்பிலிருந்து வந்தது.

கரைக்கு வந்தபின் தோழியின் பாட்டி வீட்டில் சாப்பாடு. தொலைவில்லை, மாயேபூரிலேயே. பாட்டி பேசுவது கிரியோல், ஆனால் சமையலறைக்குள் போனால் பாதி தமிழ். முருங்கைக்கீரைக்கு 'ப்ரெத் முரும்', ரசத்துக்கு 'ரசோன்', பீர்க்கங்காய்க்கு 'பிபாங்காய்'. என்னை 'மோ திஃபி' என்று கூப்பிட்டார், என் மகளே என்று அர்த்தம். இந்தக் கரையில் தரைதட்டி எண்ணெய் கசிந்த வகாஷியோ கப்பலைப் பற்றிக் கேட்டதும், பின்கட்டிலிருந்து ஒரு துணிக்குழாயை எடுத்துவந்து மடியில் போட்டார். கை தடிமன், உள்ளே கரும்புச் சோகை. எண்ணெய் கரையேறாமல் தடுக்க ஊரே உட்கார்ந்து தைத்ததாம். தையல் ஒரு பக்கம் நெருக்கமாக, மறுபக்கம் எட்டி எட்டி இருந்தது. "அந்தப் பக்கம் என் பேரன் தைத்தது" என்றார்.

ஆகஸ்ட் 15 அன்று எண்ணெய் வந்தது என்றார் பாட்டி. முதல் வருடமாக இருந்தால் அப்படியே எழுதியிருப்பேன். கப்பல் புவாந்த் தெஸ்னி பவளத்திட்டில் ஏறியது 2020 ஜூலை 25. எண்ணெய் கசியத் தொடங்கியது ஆகஸ்ட் 6. பதினைந்தாம் தேதி கப்பல் இரண்டாகப் பிளந்தது. சுமார் ஆயிரம் டன் கடலில் கலந்தது. பாட்டியின் மனதில் நின்றது பிளந்த நாள். அதனால் அவர் சொன்னது தப்பு என்று அடித்துவிடாதீர்கள். தேதிக்கு 'ப', துணிக்குழாய்க்கு 'க', ஊர் கூடித் தைத்ததற்கு 'கே'. மூன்றும் அறிக்கையில் வரலாம், இடம் மாறாமல் வர வேண்டும். அவ்வளவுதான் சங்கதி.

புளூ பே கடற்பூங்காவும் அலையாத்திகளும் அடுத்த இரண்டு நாளில் முடிந்தன. ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தை வைத்து அதற்குள் இருப்பதை எண்ணினோம், காற்றில் சட்டமே பறந்தது. ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே குளிர்காலம், தென்கிழக்குக் காற்று விடாது. வெப்பமண்டலத் தீவுதானே என்று பருத்திச் சட்டையோடு வந்துவிடாதீர்கள். அலைபேசியில் குரல் பதிவு செய்யலாம் என்று நம்பியும் வராதீர்கள். திரும்பக் கேட்டால் காற்று மட்டும்தான் பேசும்.

சரி, ரோட்ரிக்ஸுக்கு வருவோம். மொரீஷியஸிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 560 கிலோமீட்டர், விமானத்தில் ஒன்றரை மணி நேரம். 108 சதுர கிலோமீட்டர் தீவு, அதைச் சுற்றித் தீவைவிடப் பெரிய காயல். நாங்கள் போனது செப்டம்பரில், அதாவது ஆக்டோபஸ் தடைக்காலத்தில். எங்கள் ஊர்ப்பக்கம் பேய்க்கணவாய் என்போம், இங்கே 'சூரித்'. தண்ணீர் வற்றும் நேரத்தில் பெண்கள் பூட்ஸ் போட்டுக்கொண்டு, இரும்புக் கம்பியோடு காயலில் நடந்தே பிடிப்பார்கள். குட்டியெல்லாம் பிடிபட்டு வரத்து சரிந்ததால், 2012 முதல் ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை இரண்டு மாதம் பிடிக்கக் கூடாது என்று ஏற்பாடு. மடகாஸ்கரில் அந்தாவதுவாக்கா கிராமம் 2004இலேயே இதைச் செய்துபார்த்திருந்தது. ஆக்டோபஸ் வேகமாக எடை போடும் உயிரினம், அதனால்தான் இவ்வளவு குறுகிய தடைக்கே பலன்.

எனக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாத கரையில் வளர்ந்தவள் நான். அதைச் சொன்னதுதான் எனக்குக் கதவைத் திறந்தது. கேள்வித்தாளோடு போய் "தடைக்குப் பிறகு உங்கள் பிடிப்பு எத்தனை சதவீதம் கூடியது?" என்று முதலில் கேட்டிருந்தேன். ஐம்பது வயதிருக்கும் அந்த அம்மாள் சிரித்துவிட்டு வலையை உதறப் போய்விட்டார். மறுநாள் கேள்வித்தாளை அறையில் வைத்துவிட்டுப் போய், எங்கள் ஊரிலும் இரண்டு மாதம் படகு கரையில் நிற்கும் என்றேன், தோழி கிரியோலில் சொன்னாள். "அப்போது என்ன சாப்பிடுவீர்கள்?" என்று கேட்டார். அப்புறம் ஒன்றரை மணி நேரம் அவர்தான் பேசினார்.

தடை நல்லதுதான் என்றார். ஆனால் திறக்கும் நாளில், வருடம் முழுக்கக் காயல் பக்கமே வராதவர்களும் கம்பியோடு வந்துவிடுகிறார்கள், இரண்டு மாதம் காத்திருந்தவளுக்கு அந்த நாளில் என்ன கிடைக்கிறது என்று கேட்டார். நான் படித்த கட்டுரைகளில் மொத்த எடை இருந்தது, யாருடைய கூடைக்கு எவ்வளவு என்பது இல்லை. என் அறிக்கையின் கேள்வி அங்கேதான் பிறந்தது. ஒரு தோழமையான யோசனை: கேள்வியை முடிவு செய்துவிட்டுப் புறப்படாதீர்கள், கருப்பொருள் மட்டும் போதும். கிரியோலில் ஒரு வாக்கியமாவது மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். "மோ கபாவ் போஸ் ஊ என் கெஸ்தியோன்?", உங்களிடம் ஒரு கேள்வி கேட்கலாமா என்று. கையில் ரொக்கம் இருக்கட்டும். மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தும் இருக்கும், எடுத்துக் காட்டினால் பேச்சு தொடங்க அதுவே போதும்.

கஃபே மாரோன் செடியைப் பார்க்காமல் வராதீர்கள். அழிந்துவிட்டது என்று நினைத்திருந்த செடி, 1980ஐ ஒட்டி ஓர் ஆசிரியர் வகுப்பில் பழைய படத்தைக் காட்ட, ஒரு பள்ளிப் பையன் இதை நான் பார்த்திருக்கிறேன் என்று கண்டுபிடித்தது. ஒரே ஒரு மரம். அதிலிருந்து எடுத்த துண்டுகள் லண்டன் கியூ தோட்டம்வரை போயின. இளஞ்செடியின் இலை ஒல்லியாக, பழுப்பாக, காய்ந்த குச்சி போல இருக்கிறது. வளர்ந்த மரத்தின் இலையோ அகலமாக, பச்சையாக. இரண்டும் ஒரே செடி என்று கையில் பிடித்துப் பார்த்தாலும் நம்ப முடியவில்லை.

வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே, "ஆக்டோபஸ் தடை பலன் தருகிறது என்று எப்படித் தெரியும்?" என்பதுதான். தடைக்காலத்தில் போனதால் பிடிப்பை நான் பார்க்கவில்லை, இன்னது கேட்டேன், இன்னது படித்தேன், இரண்டும் இந்த இடத்தில் ஒத்துப்போகவில்லை என்றேன். தேர்வாளர் என் குறிப்பேட்டைப் புரட்டி, "இந்தத் தமிழ் எழுத்துகள் என்ன?" என்று கேட்டார். முதல் பக்கத்தில் விளக்கம் எழுதி வைத்திருந்தேன். நீங்களும் எழுதி வையுங்கள்.

ரோட்ரிக்ஸ் அம்மாளிடம் படம் அனுப்புகிறேன் என்று சொல்லியிருந்தேன். எல்லா மாணவர்களும் இதைத்தான் சொல்வார்கள் என்று அவர் அப்போதே சிரித்தார். தேர்வு முடிந்த வாரம் படங்களை அச்சிட்டுத் தபாலில் போட்டேன், என் அலைபேசி எண்ணையும் எழுதினேன். நவம்பரில் ஒரு குரல் செய்தி வந்தது. திறந்த நாளில் விடியுமுன்பே போனாராம், ஏழு கிலோ கிடைத்ததாம், பக்கத்து வீட்டுப் பையனுக்குப் பதினொன்று. அறிக்கை கொடுத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. குறிப்பேட்டைத் தேடி எடுத்து, கடைசிப் பக்கத்தில் எழுதி, ஓரத்தில் 'கே' போட்டு வைத்தேன்.