ஹேண்டிலைக் குறுக்கே திருப்பிய பிறகுதான் கைரோ வழிக்கு வந்தது

மூன்று வாரமாக என்னை ஆட்டிப் படைத்த, என் பிஎம்எக்ஸ் சைக்கிளின் கைரோ (ஹேண்டில் எத்தனை சுற்று சுற்றினாலும் பின் பிரேக் கேபிள் முறுக்கிக்கொள்ளாமல் காக்கும் கருவி) நேற்று சாயங்காலம் அடங்கிவிட்டது. ஹேண்டிலைச் சுழற்றி விட்டால் முழு வட்டம் போய்க் கைக்கு வருகிறது, பின் பிரேக் மூச்சு விடவில்லை. முந்தாநாள் வரை பாதி வட்டம் தாண்டியதுமே பிரேக் கட்டை ரிம்மைத் தடவி 'ஸ்ர்ர்' என்று சீறும். நின்ற இடத்தில் சுழற்றும்போது அது வெறும் எரிச்சல். அந்தரத்தில் ஹேண்டிலை முழு வட்டம் சுழற்றும் பார்ஸ்பின் போட்டுவிட்டு, ஹேண்டில் முக்கால் சுற்றில் இருக்கும்போதே பின் சக்கரம் தரையைத் தொட்டால் என்ன ஆகும் என்பதை என் வலது முழங்கையைக் கேளுங்கள்.

வண்டி பழையதுதான். இந்தத் தடவை மாற்றியது இரண்டே இரண்டு. 8.75 அங்குல உயர ஹேண்டிலைக் கழற்றிவிட்டு 9.5 போட்டேன். நான்கு வருடம் பிரேக்கே இல்லாமல் ஓட்டியதை விட்டுவிட்டுப் பின்னால், ரிம்மை இரு பக்கமும் கவ்வும் யூ-பிரேக் ஒன்று மாட்டினேன். முதல் மாற்றத்தை யாரும் கவனிக்கவே இல்லை. இரண்டாவதுக்குத்தான் அவ்வளவு கிண்டலும். "என்னண்ணே, வயசாயிடுச்சா?" என்றான் கூட ஓட்டும் தம்பி ஒருவன். வயதானது உண்மைதான். காரணம் அது இல்லை. திண்டின் விளிம்பில் பின் சக்கரத்தால் ஒரு நொடி நின்று, திரும்பிக் குதிக்கும் ஃபுஃபானு எனக்குப் பிரேக் இல்லாமல் வரவில்லை. ஷூவை டயரில் அழுத்தி நிறுத்துபவர்களைப் பார்த்திருக்கிறேன். என் கால் அவ்வளவு சொல்பேச்சு கேட்காது.

கைரோ எப்படி வேலை செய்யும் என்று இதைப் படிப்பவர்களுக்குப் பாடம் எடுக்கப்போவதில்லை. ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், என் மூன்று வாரமும் அதில்தான் போனது. நடுவில் பேரிங், மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு. மேல் தட்டு ஹேண்டிலோடு சுற்றும். கீழ்த் தட்டு ஃபிரேமோடு நிற்கும். இரண்டுக்கும் இடமும் வலமுமாக இரண்டிரண்டு கேபிள். லிவரை அழுத்தினால் மேல் கேபிள்கள் மொத்தத்தையும் தூக்கும், அந்தத் தூக்கலில் கீழ்க் கேபிள்கள் இழுபட்டுப் பிரேக் பிடிக்கும். 1980-களில் பிரையன் ஸ்கூரா இதைக் கொண்டுவருவதற்கு முன்னால், கேபிளை நீளமாக விட்டு ஃபிரேமின் முன்குழாயான ஹெட் டியூபைச் சுற்றிச் சுருட்டி வைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறார்கள். எத்தனை சுற்று இந்தப் பக்கம் சுற்றினார்களோ அத்தனை சுற்று அந்தப் பக்கம் சுற்றி அவிழ்க்க வேண்டும். முன் பிரேக்குக்கு அந்தப் பாடு இல்லை. ஹேண்டிலைக் கவ்விப் பிடிக்கும் ஸ்டெம்மின் போல்ட்டில் துளை போட்டு, முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்குக்குள்ளேயே கேபிளை இறக்கிவிடலாம். பின் பிரேக்குக்குக் கைரோ ஒன்றுதான் கதி.

முதல் வாரம் முழுக்க என் முட்டாள்தனம். பழைய ஹேண்டிலுக்கு வாங்கிய மேல் கேபிள் ஒன்று (லிவரிலிருந்து ஒன்றாக இறங்கி இரண்டு காலாகப் பிரிவது) பெட்டியில் கிடந்தது. அதையே மாட்டினேன். ஹேண்டில் முக்கால் அங்குலம் உயர்ந்துவிட்டது, கேபிள் உயரவில்லை. லிவரிலிருந்து இறங்கும் இடத்தில் வளைவே இல்லாமல் விறைத்து நின்றது. ஒரு கால் நேராகப் பேரலுக்குள் (கேபிளின் இழுப்பைக் கூட்டிக் குறைக்கும் திருகு) போனது, இன்னொரு கால் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு கோணலாக நுழைந்தது. பார்த்தாலே தெரியும். நான்தான் "ஓட்ட ஓட்டச் சரியாகிவிடும்" என்று விட்டேன். பிஎம்எக்ஸில் ஓட்ட ஓட்டச் சரியானது என்று இதுவரை நான் கண்டது புதுக் கிரிப்பின் வழுக்கல் ஒன்றுதான்.

நீளமான கேபிள் வந்து மாட்டியும் சீறல் போகவில்லை. அடுத்து ரிம் மேல் சந்தேகம். சக்கரத்தைச் சுழற்றி, பிரேக் கட்டைக்குப் பக்கத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். ஓர் இடத்தில் அரை மில்லிமீட்டர் ஆட்டம். ஸ்போக் சாவியை எடுத்து அதையும் நேராக்கினேன். பிறகு, ஹேண்டிலும் ஃபோர்க்கும் திரும்பும் பேரிங்குகளான ஹெட்செட். முன் பிரேக் இல்லாத வண்டியில் ஹெட்செட் ஆட்டத்தைப் பார்க்க, முன் சக்கரத்தைச் சுவரில் முட்டவைத்து முன்னும் பின்னும் தள்ள வேண்டும். மேல் மூடியில் ஒரு விரலை வைத்திருந்தால் 'டக்' என்று தெரியும். துளி ஆட்டம் இருந்தது, இறுக்கினேன். சீறல் அப்படியே இருந்தது.

இரண்டாவது வாரக் கடைசியில் தம்பி சொன்னான்: "அண்ணே, பேசாம கழட்டிப் போட்டுடுங்க. பிரேக் இருந்தாத்தானே பிரச்சினை?" அன்று மட்டும் அவன் சொன்னதைக் கேட்கலாமா என்று தோன்றியது.

நான் செய்துகொண்டிருந்த தப்பு இதுதான். ஹேண்டிலை நேராக வைத்துக்கொண்டு, முன்னால் குந்தி உட்கார்ந்து, கைரோ மட்டமாக இருக்கிறதா என்று பார்ப்பேன். இடது பக்கம் தாழ்ந்திருந்தால் கீழ் வலது பேரலைக் கொஞ்சம் வெளியே எடுத்து அந்தப் பக்கத்தையும் தாழ்த்துவேன். மட்டமாகிவிட்டது போலத் தெரியும். ஹேண்டிலைத் திருப்பினால் மறுபடி சீறும். திரும்பவும் குந்துவேன். ஹேண்டில் நேராக இருக்கும்போது மேல் தட்டில் கேபிள் மாட்டும் இரண்டு கைகளும் கீழ்த் தட்டின் இரண்டு கைகளும் ஒரே வரிசையில், ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கின்றன. மேலே ஒரு கோணல் இருந்து, கீழேயும் அதற்கு ஏற்ற மாதிரி ஒரு கோணலை நானே உண்டாக்கிவிட்டால், இரண்டும் ஒன்றையொன்று மறைத்துக்கொள்ளும். பிரேக்கும் விட்டேற்றியாக நிற்கும். ஹேண்டிலைப் பாதிச் சுற்று திருப்பியதும் மேல் இடது கை கீழ் வலது கைக்கு மேலே வந்துவிடுகிறது. இப்போது இரண்டு கோணலும் எதிரெதிர். இருக்கிற தொய்வையெல்லாம் அவை தின்றுவிட்டு, மிச்சத்துக்குப் பிரேக்கை இழுக்கின்றன. நான் கோணலைச் சரிசெய்யவே இல்லை, ஒளித்துவைத்துக்கொண்டிருந்தேன்.

இது புரிந்தது ஹேண்டிலைத் தற்செயலாகக் குறுக்கே விட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனபோது. திரும்பி வந்து பார்த்தால் கைரோ முன்பக்கமாகக் குனிந்து நிற்கிறது. பக்கவாட்டில் ஏறக்குறைய மட்டம், முன்பின்னாகத்தான் சரிவு. ஹேண்டில் 90 டிகிரி திரும்பி நிற்கும்போது மேல் கைகள் முன்பின்னாகப் போய்விடுகின்றன, கீழ்க் கைகள் இடம்வலமாகவே இருக்கின்றன. அப்படியானால் முன்பின் சரிவு முழுக்க மேல் கேபிளின் வேலை. இடம்வலச் சரிவு முழுக்கக் கீழ்க் கேபிளின் வேலை. இருவரும் சேர்ந்து ஏமாற்ற வழியில்லாத ஒரே இடம் அந்த 90 டிகிரிதான். கொத்தனார் ரசமட்டத்தைக் குறுக்கேயும் வைத்துப் பார்ப்பது எதற்கு என்று நாலு பேருக்குச் சொல்லத் தெரியும் எனக்கு. கைரோவுக்குச் செய்யத் தோன்ற இத்தனை நாள் ஆனது.

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு முதலிலிருந்து. நான்கு பேரலையும் முழுக்க உள்ளே திருகினேன். பிரேக் கைகளை ரப்பர் டியூப் துண்டால் சேர்த்துக் கட்டி, இழுப்பே இல்லாமல் கேபிளை மாட்டினேன். மேலே, மேல் பேரல்களைத் தாங்கும் பிளேட் ஸ்டெம்முக்குச் சரியாகக் குறுக்கே இருக்கிறதா என்று பார்த்தபோது இன்னொரு குட்டும் விழுந்தது: ஸ்டெம்மின் மேல் போல்ட்டை இறுக்கும்போது அந்தப் பிளேட்டும் ஒரு நூல் அளவு கூடவே திரும்பியிருக்கிறது. மேல் கோணலின் பிறப்பிடம் அநேகமாக அதுவே. இந்தத் தடவை அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இறுக்கினேன். டியூப் துண்டை அவிழ்த்து, கட்டைக்கும் ரிம்முக்கும் 2 மி.மீ. இடைவெளி விட்டு, ஹேண்டிலைக் குறுக்கே வைத்தேன். முதலில் மேல் பேரல்கள், முன்பின் சரிவு போகும் வரை. பிறகு கீழ்ப் பேரல்கள், இடம்வலச் சரிவு போகும் வரை. பிறகு ஹேண்டிலை எதிர்ப்பக்கம் குறுக்கே திருப்பி அதே பரீட்சை. ஒவ்வொரு முறையும் கால் சுற்றுக்கு மேல் பேரலைத் திருப்பக்கூடாது. எனக்கு அந்தப் பொறுமை இயற்கையாக வருவதில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு செய்தேன்.

பேரலைத் திருகிய இடத்திலேயே பூட்டிவைக்கும் லாக் நட்டைப் பற்றிப் புலம்பாமல் இந்தப் பதிவை முடிக்க முடியாது. பேரலை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் இறுக்க வேண்டும். கீழ்ப் பேரல்களுக்கும் ஹெட் டியூபுக்கும் நடுவில் சாதாரண ஸ்பேனர் நுழையாது. பிளையர் வைத்தால் நட்டின் முனை மழுங்கிவிடும். நட்டை இறுக்கும்போது பேரலும் கூடவே அரைக்கால் சுற்று திரும்பி, அரை மணி நேர உழைப்பு போய்விடும். எனக்கே மறை கழன்றுவிடும் போலிருந்தது. கடைசியில் பழைய ஸ்பேனர் ஒன்றை எடுத்து அரத்தால் தேய்த்துத் தேய்த்துப் பாதித் தடிமனாக்கினேன். தேய்க்க இரண்டு மணி நேரம். நான்கு நட்டையும் இறுக்க ஐந்து நிமிஷம். இந்த வண்டிக்கு நான் செய்த கருவிகளிலேயே எனக்குப் பிடித்தது இதுதான், துருப்பிடித்துப் பார்க்கவே சகிக்காது.

இடையில் பாட்டம் பிராக்கெட்டும் (பெடல் அச்சான ஸ்பிண்டில் சுழலும் பேரிங் பகுதி) முனகியது. மிட் வகை, பேரிங் வெளிவிட்டம் 41 மி.மீ., ஸ்பிண்டில் 22. புதுப் பேரிங்குக்கு ஒழுங்காக எழுதித்தான் கேட்டேன். அனுப்பியவர் 19 மி.மீ. ஸ்பிண்டிலுக்கான பேரிங்கை அனுப்பிவைத்தார். வெளியே அளவு ஒன்றுதான் என்பதால் ஃபிரேமில் அழகாக உட்காரும், ஸ்பிண்டில்தான் நுழையாது. நல்லவேளை, அழுத்துவதற்கு முன்பே கையில் வைத்துப் பார்த்தேன். மாற்றித் தந்தார், பத்து நாள் போனது. அழுத்துவதற்கு மறை போட்ட கம்பி, இரண்டு நட், தடித்த வாஷர்கள் போதும். வாஷர் பேரிங்கின் வெளி வளையத்தில் மட்டும் படவேண்டும். சுத்தியல் பக்கம் போகாதீர்கள். முனகல் போய்விட்டது. அல்லது கைரோவின் சத்தத்தில் அது கேட்கவில்லையோ என்னவோ, இனிமேல்தான் தெரியும்.

நேற்று சாயங்காலம் நாலைந்து பேர் கூடியிருந்தோம். வழக்கம்போல ஓட்டியதைவிட உட்கார்ந்து பேசியதுதான் அதிகம். ஆளாளுக்கு என் ஹேண்டிலை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்கள். ஒருவன் நிறுத்தாமல் பத்துப் பதினைந்து சுற்று சுற்றிவிட்டு, "அட" என்றான். அதற்கு மேல் பாராட்டு அந்தக் கூட்டத்தில் கிடைக்காது. 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக் பிஎம்எக்ஸ் போட்டியில் பிரிட்டனின் சார்லட் வொர்திங்டன் முதல் ஓட்டத்தில் விழுந்து, இரண்டாவது ஓட்டத்தில் 360 பேக்ஃபிளிப் (பின்பக்கப் பல்டியோடு முழுச் சுற்றும் திரும்புவது) போட்டுத் தங்கம் வாங்கியதைப் பார்த்துவிட்டு வண்டி வாங்கிய பையன் ஒருவன் உண்டு. பேக்ஃபிளிப் எப்போது கற்றுத்தருவீர்கள் என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பான். நேற்று அவன் வண்டியைத் தூக்கிப் பார்த்தேன், பின் ஆக்சில் நட் கையாலேயே சுற்றியது. "முதலில் 17-ஆம் நம்பர் ஸ்பேனரை எடுத்துவா, பல்டியை அப்புறம் பார்ப்போம்" என்றேன். முகம் விழுந்துவிட்டது. ஆனால் எடுத்துவந்தான்.

நான் ஃபுஃபானு ஆறு தடவை முயன்றேன். இரண்டு நின்றது. மூன்றாவது தடவை பிரேக் நன்றாகவே பிடித்தது, நான்தான் தயாராக இல்லை.

அடுத்து மாட்ட நினைப்பது பின் சக்கரத்துக்கு ஃப்ரீகோஸ்டர் ஹப். 180 (அரைச் சுற்று) போட்டுப் பின்பக்கமாக உருளும்போது கேசட் ஹப்பில் பெடலையும் பின்னால் மிதித்துக்கொண்டே போகவேண்டும், ஃப்ரீகோஸ்டரில் கால் சும்மா நிற்கும். பதிலுக்கு, மறுபடி முன்னால் மிதிக்கும்போது கிளட்ச் கவ்வும் வரை பெடல் வெற்றாகப் போகும். அந்த வெற்று மிதியை எவ்வளவு வைப்பது என்பதே ஒரு தனிப் பைத்தியம் என்கிறார்கள். எனக்குப் பொருத்தமானதுதான்.

அதற்கு முன் ஒரு பாக்கி. கீழ்க் கேபிளை ஃபிரேமின் மேல்குழாயான டாப் டியூபோடு இன்னும் கட்டவில்லை, முழங்காலில் உரசிக்கொண்டு தொங்குகிறது. இறுக்கிக் கட்டினால் ஒரு பக்க உறை இழுபட்டு மறுபடி கோணிவிடுமோ என்று பயம். நாளைக்கு இரண்டு இடத்தில் மட்டும் தளர்வாகக் கட்டிவிட்டு, ஹேண்டிலைக் குறுக்கே வைத்துப் பார்க்கவேண்டும்.