ஆறாம் மாடியும் உறைந்த ரோசேயும்

2019ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் பாரிஸில் 42.6 பாகை செல்சியஸ் வெப்பம் பதிவானது. இந்நகரில் அதற்கு முன் அப்படி ஒரு வெப்பம் பதிவானதில்லை. நாங்கள் இங்கு வந்து அப்போது ஐந்து மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஒரு காலத்தில் பணிப்பெண்கள் தங்குவதற்கென்று கட்டப்பட்ட இரண்டு சிற்றறைகளைச் சேர்த்து ஒன்றாக்கிய எங்கள் வீடு ஆறாம் மாடியில், துத்தநாகத் தகடு வேய்ந்த கூரைக்கு நேர்கீழே இருந்தது. மின்தூக்கியும் இல்லை, ஏசியும் இல்லை. பகல் முழுவதும் காய்ந்த தகடு இரவு இரண்டு மணி வரை வெப்பத்தைக் கீழே இறக்கிக்கொண்டே இருந்தது. வெயில் எனக்குப் புதிதல்ல. ஆனால் குளிர்காலத்தை மட்டுமே மனத்தில் வைத்துக் கட்டிய ஒரு வீட்டுக்குள் வெயிலை எதிர்கொள்வது எனக்கு முற்றிலும் புதிது.

கட்டடத்தின் நுழைவாயிலில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். தனியாக வாழும் முதியவர்களை நாளுக்கு ஒருமுறையேனும் போய்ப் பாருங்கள் என்பது அதன் சாரம். 2003ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத வெப்ப அலையில் இந்த நாட்டில் ஏறத்தாழ 15,000 பேர் இறந்துபோனார்கள் என்பதும், அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள் என்பதும், அந்தத் துயரத்துக்குப் பிறகே இத்தகைய ஏற்பாடுகள் வந்தன என்பதும் எனக்குப் பின்னரே தெரிந்தன. அன்று அறிவிப்பை அகராதியின் துணையோடு படித்துவிட்டு, தண்ணீர் போத்தல் ஒன்றை எடுத்துக்கொண்டு முதல் மாடியில் இருந்த மதாமின் கதவைத் தட்டினேன். எழுபதைத் தாண்டிய, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை அவர். தண்ணீரை வாங்கி மேசையில் வைத்தார், "உட்காருங்கள்" என்றார், பெரிய வயிறுடைய கண்ணாடிக் கோப்பை ஒன்றில் நான்கைந்து பனிக்கட்டிகளைப் போட்டு, வெளிறிய சங்கின் உட்புறம் போன்ற நிறத்தில் இருந்த ஒயினை அதன்மேல் ஊற்றினார். ரோசே எனப்படும் இளஞ்சிவப்பு ஒயினை நான் பார்த்தது அதுவே முதல் முறை.

பனிக்கட்டி மிதக்கும் ரோசேக்கு இங்கே 'பிசின்' என்று பெயர். நீச்சல் குளம் என்பது அந்தச் சொல்லின் பொருள். ஒயினை மதிக்கிறவர்கள் அதைப் பார்த்து முகம் சுளிப்பதுண்டு என்றும், இத்தகைய வெயிலில் அந்த மதிப்பைச் சற்றுத் தளர்த்திக்கொள்ளலாம் என்றும் மதாம் சொன்னார். அவர் தெற்கே, ப்ரொவான்ஸ் பகுதியில் உள்ள வார் மாவட்டத்தைச் சேர்ந்தவர். ரோசே எப்படி உருவாகிறது என்பதை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். சிவப்பு ஒயினையும் வெள்ளை ஒயினையும் கலந்து செய்வது என்று நான் நினைத்திருந்தேன். அப்படிக் கலப்பதை அனுமதிக்க ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் முன்வந்தபோது, இந்நாட்டு உழவர்கள் எதிர்த்து நின்று அதைக் கைவிடச் செய்தார்கள் என்று அவர் சொன்னபோது குரலில் பெருமிதம் இருந்தது. கருந்திராட்சையின் சதை வெளிறியது. நிறமெல்லாம் தோலில்தான் இருக்கிறது. தோலோடு சாறு சில மணி நேரம் மட்டும் கிடந்தால் இளஞ்சிவப்பும், நாட்கணக்கில் கிடந்தால் சிவப்பும் கிடைக்கின்றன. சாறு சூடேறாமல் இருக்கவேண்டும் என்பதற்காக அவர் ஊர்ப்பக்கம் இரவிலேயே அறுவடை செய்கிறார்கள்.

எனக்கு அந்தக் கோப்பையில் இருந்த ஒரே குறை பனிக்கட்டிதான். முதல் மிடறு நன்றாக இருந்தது. பேசிக்கொண்டே பத்து நிமிடம் போனதும் ஒயின் தண்ணீராகிவிட்டது. குளிர்ச்சிக்காக நீரைச் சேர்ப்பதை விட ஒயினையே பனிக்கட்டி ஆக்கிவிட்டால் என்ன என்ற எண்ணம் அன்றே வந்தது. 2016ஆம் ஆண்டுக் கோடையில் நியூயார்க் நகரத்து மதுக்கூடங்களிலிருந்து 'ஃப்ரோசே' என்ற பெயரில் இதே பானம் பரவியிருந்தது என்பதை அப்போது நான் அறிந்திருக்கவில்லை.

முதல் முயற்சி தோற்றது. ஒரு தட்டில் ஒயினை ஊற்றி எங்கள் சிறிய குளிர்பதனப் பெட்டியின் மேலறையில் இரவு முழுவதும் வைத்தேன். காலையில் திறந்தபோது, பக்கத்திலிருந்த தண்ணீர்த் தட்டு கல்லாக இறுகியிருந்தது. ஒயின் தட்டிலோ ஓரத்தில் மட்டும் ஊசி ஊசியாகச் சில படிகங்கள் மிதந்தன. இன்னும் ஒரு நாள் வைத்தேன். மாற்றம் ஒன்றும் இல்லை. பெட்டி பழுது என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், மேலறையின் கதவில் பொறித்திருந்த ஒற்றை நட்சத்திரம் கண்ணில் பட்டது. அதை அலங்காரம் என்றே நினைத்திருந்தேன். ஒரு நட்சத்திரம் என்றால் அந்த அறை கழித்தல் 6 பாகை வரைதான் குளிரும். இரண்டு என்றால் கழித்தல் 12. மூன்று என்றால் கழித்தல் 18. தண்ணீர் சுழியத்திலேயே உறைந்துவிடும். ஆனால் 12 விழுக்காடு ஆல்கஹால் உள்ள ஒயின் உறையத் தொடங்குவதே கழித்தல் 5 பாகைக்கு அருகில்தான். என் பெட்டி ஒயினை உறைநிலையின் வாசல்படி வரை கொண்டுபோய் அங்கேயே நிறுத்திவிட்டது.

தயங்கித் தயங்கித்தான் மதாமிடம் கேட்டேன். அவரிடம் ஆளுயர ஃப்ரீசர் ஒன்று இருந்தது. கதவில் நட்சத்திரங்கள் போதுமான அளவு இருந்தன. "கொண்டு வாருங்கள், இடம் இருக்கிறது" என்றார். ஒயின் ததும்பும் தட்டை இரு கையாலும் ஏந்திக்கொண்டு, வளைந்து வளைந்து இறங்கும் மரப் படிகளில் ஐந்து மாடிகள் இறங்கியது இன்றும் என் கால்களுக்கு நினைவிருக்கிறது. அந்த மாலை எட்டு மணிக்கு வைத்ததை மறுநாள் மதியம் எடுத்தோம். கரண்டியின் விளிம்பை வைத்து இழுத்தபோது, உறைபனியைச் சுரண்டுவதுபோல் மெல்லிய சரசரப்போடு இளஞ்சிவப்புத் துகள்கள் சுருண்டு எழுந்தன. அவ்வளவு குளிரிலும் ஒயின் கல்லாக இறுகுவதில்லை. நீர் முதலில் பிரிந்து உறைகிறது. எஞ்சும் திரவத்தில் ஆல்கஹாலும் சர்க்கரையும் செறிவதால் அது உறையாமல் படிகங்களுக்கு இடையே தங்கிவிடுகிறது. கரண்டிக்கு இளகிக் கொடுப்பது அதனால்தான்.

அதன் பிறகு பல கோடைகளில் பலமுறை செய்து பார்த்து நான் நிலைகொண்ட முறை இது. 750 மில்லிலிட்டர் போத்தல் ஒன்றை, இரண்டு விரற்கடைக்கு மேல் ஆழமாகாதபடி அகலமான தட்டில் ஊற்றி, குறைந்தது எட்டு மணி நேரம் உறைய விடவேண்டும். ஆழமான பாத்திரத்தில் ஊற்றினால் நடுப்பகுதி கூழாகவே நின்றுவிடும். நேரத்தை மிச்சப்படுத்துவதாக எண்ணிப் போத்தலோடு வைத்துவிடக் கூடாது. உறையும் நீர் விரிவடைந்து தக்கையைத் தள்ளும் அல்லது கண்ணாடியை உடைக்கும். இதற்கிடையே 250 கிராம் ஸ்ட்ராபெரியை நறுக்கி, 100 கிராம் சர்க்கரையும் 100 மில்லிலிட்டர் தண்ணீரும் சேர்த்து, சர்க்கரை கரையும் வரை மட்டும் சூடாக்கி இறக்கிவிடவேண்டும். பழத்தை வேகவிட்டால் ஜாம் வாடை வந்துவிடும். அரை மணி நேரம் அப்படியே ஊறவிட்டு, பழத்தை அழுத்திப் பிழியாமல் வடிகட்டினால் தெளிந்த செம்பாகு கிடைக்கும். இந்தப் பாகை நன்றாகக் குளிரவைத்த பிறகே ஒயினோடு சேர்க்கவேண்டும். வெதுவெதுப்பாக ஊற்றினால் ஓர் இரவின் உழைப்பு ஒரு நிமிடத்தில் உருகிப்போகும். சுரண்டிய ஒயின், பாகு, ஓர் எலுமிச்சையின் சாறு ஆகிய மூன்றையும் மிக்ஸியில் விட்டு விட்டு நாலைந்து சுற்று மட்டும் ஓட்டி, மீண்டும் அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து, பரிமாறும் முன் இன்னொரு சுற்று ஓட்டினால் போதும். மிக்ஸியைத் தொடர்ந்து ஓட்டக் கூடாது, அதன் சூடே பனியைக் கரைத்துவிடும்.

பாகின் இனிப்பைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. கடுங்குளிரில் நாக்கு இனிப்பைக் குறைவாகவே உணர்கிறது. அறை வெப்பத்தில் திகட்டும் கலவை உறைந்த நிலையில் அளவாக இருக்கும். அறை வெப்பத்தில் அளவாக இருப்பது உறைந்தபின் புளித்த பனியாகிவிடும்.

எந்த ஒயின் என்பதில் மட்டும் மதாமுக்கும் எனக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. ப்ரொவான்ஸ் ரோசேயைத் தவிர வேறொன்றை அவர் மனம் ஏற்காது. ஆனால் அந்த வெளிறிய நிறமும் மென்மையான மணமும் உறைந்து அரைபட்டதும் இருந்த இடம் தெரியாமல் போகின்றன என்பது என் அனுபவம். நிறமும் பழச்சுவையும் திடமாக இருக்கிற ரோசேதான் இதற்கு ஏற்றது. ரோன் ஆற்றின் கரையில், ரோசே மட்டுமே அனுமதிக்கப்பட்ட தாவெல் பகுதியின் ஒயினை ஒருமுறை முயன்றேன். நிறம் மனத்தை அள்ளியது. ஆனால் அந்தப் போத்தலில் ஆல்கஹால் 14 விழுக்காடு இருந்ததால் கோப்பையில் ஊற்றிய சில நிமிடங்களிலேயே இளகி ஓடிற்று. இப்போது தெற்கே லாங்குடாக் பக்கத்துச் சிரா திராட்சையில் செய்த, 12 விழுக்காட்டை ஒட்டிய ரோசேயை வாங்குகிறேன்.

போத்தலின் பின்பக்கச் சிறு எழுத்துகளைப் படித்துத்தான் என் பிரெஞ்சு வளர்ந்தது என்று சொன்னால் அது மிகையில்லை. விளைந்த இடம், அடைத்தவரின் பெயர், ஆல்கஹால் அளவு, கருவுற்ற பெண் குடிக்கலாகாது என்பதைக் குறிக்கும் சிறு வட்டப் படம் என்று ஒவ்வொன்றாகப் பொருள் விளங்கிற்று. இது பழக்கூழ் போல இனிப்பாக இறங்குவதால் கவனமும் தேவைப்படுகிறது. பாகும் எலுமிச்சையும் சேர்ந்த பிறகும் கலவையில் ஏறத்தாழ 9 விழுக்காடு ஆல்கஹால் இருக்கிறது. நாளுக்கு இரண்டு கோப்பைக்கு மேல் வேண்டாம், அதுவும் தினமும் வேண்டாம் என்பது இந்நாட்டுச் சுகாதாரத் துறையின் அறிவுரை. அதில் கோப்பை என்பது 10 சென்டிலிட்டர் ஒயின்தான். என் கணவர் மது அருந்துவதில்லை. அவருக்காகச் செந்திராட்சைச் சாற்றில் இதையே செய்கிறேன். சாற்றில் ஆல்கஹால் இல்லாததால் அது பாறையாக இறுகும்; ஆகவே மணிக்கொரு முறை எடுத்து முள்கரண்டியால் கிளறிவிடவேண்டும்.

மே மாதக் கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ அண்டை வீட்டார் அனைவரும் முற்றத்தில் கூடி உண்ணும் நாள் ஒன்று இங்கே உண்டு. பாரிஸில் 1999இல் தொடங்கிய வழக்கம் அது. ஆளுக்கொன்று செய்து கொண்டுவருவார்கள். முதல் ஆண்டில் கடையில் வாங்கிய பிஸ்கட் பொட்டலத்தோடு சுவரோரமாக நின்றேன். 2022இல் மதாமின் ஃப்ரீசரிலிருந்து எடுத்த இரண்டு தட்டுகளோடு முற்றத்துக்கு வந்தேன். கரிகெத் என்ற வகை ஸ்ட்ராபெரிக்கு அது நல்ல பருவம். மிக்ஸிக்கு மின்சாரம் இல்லாததால் முதல் மாடிச் சன்னல் வழியாக மதாம் நீண்ட வயர் ஒன்றை இறக்கினார். மூன்றாம் மாடிக்காரர் வந்து எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார். பிழைகள் நிறைந்த பிரெஞ்சில் நட்சத்திரங்களிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். மூன்றாண்டுகளில் அந்த முற்றத்தில் நான் அவ்வளவு நேரம் பேசியதே இல்லை.

அந்த ஆண்டு ஆகஸ்டில் மதாம் வழக்கம்போல் ஒரு மாதம் தெற்கே தம் தங்கை வீட்டுக்குப் புறப்பட்டார். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிச் சாவியை என்னிடம் கொடுத்தார். முதல் நாள் ஊற்றிவிட்டுத் திரும்பும்போது ஃப்ரீசரைத் திறந்து பார்த்தேன். கீழ் இழுப்பறையிலிருந்த பொருள்களை எல்லாம் மேலே அடுக்கி, அதை முழுவதுமாகக் காலிசெய்து வைத்திருந்தார். அதன் முகப்பில் ஒட்டியிருந்த வெள்ளைத் தாளில், ஆசிரியைக்கே உரிய உருண்டை எழுத்துகளில், 'ஆறாம் மாடி' என்று எழுதியிருந்தது.