சாய்ந்து நிற்கும் கடைகள்: டாசன் சிட்டியில் ஒரு நடை

இரவு பதினொன்றரைக்கு, கனடாவின் வடமேற்கில் யூகான் பிரதேசத்தில் இருக்கும் டாசன் சிட்டிக்குள் நுழைந்தோம். ஜூன் மாதம் என்பதால் இன்னும் நல்ல வெளிச்சம். பிரதேசத் தலைநகர் வைட்ஹார்ஸிலிருந்து 530 கிலோமீட்டர், மகள்தான் ஓட்டி வந்தாள். தங்கும் விடுதியில் அறைக் கதவு சாத்தச் சாத்தத் தானாகத் திறந்துகொண்டே இருந்தது. தாழ்ப்பாள் சரியில்லை போல என்று நாற்காலியை முட்டுக் கொடுத்துவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் காலை, பழைய கட்டடங்களைச் சுற்றிக் காட்டும் நடைப் பயணத்தில் சேர்ந்துகொண்டோம். வழிகாட்டிப் பெண் தரையைத் தொடும் பாவாடையும் தொப்பியுமாக 1898-லிருந்து நேரே வந்தவர் மாதிரி இருந்தார். தெருக்கள் பெரும்பாலும் மண் தெருக்கள், நடைபாதைகளோ பலகை பாவியவை. நாங்கள் பதினைந்து பேர் நடந்தபோது குதிரைப்படை போனது போலத் தடதடவென்று சத்தம்.

யூகான் ஆறும் கிளாண்டைக் ஆறும் சேரும் இடத்தில் இருக்கிறது ஊர். 1896 ஆகஸ்டில் பக்கத்து ஓடையில் தங்கம் கிடைத்த சேதி பரவ, இரண்டே வருடத்தில் சுமார் 30,000 பேர் குவிந்துவிட்டார்கள். இன்று 1,500 சொச்சம். வந்தவர்களில் பலருக்குத் தங்கம் கிடைக்கவில்லை. ஜோ லடூ என்பவர் தங்கம் தேடி அலையாமல் இங்கே மனை போட்டு விற்றார். மரமறுக்கும் ஆலையையும் கொண்டுவந்து வைத்து, மனை வாங்கியவர்களுக்கே பலகையும் விற்றார். எனக்குப் பிடித்த ஆள் அவர்தான்.

ஆற்றை ஒட்டிய பழைய பேங்க் ஆஃப் காமர்ஸ் கட்டடம், தூரத்திலிருந்து பார்த்தால் கனமான கல் கட்டடம். கிட்டப் போனால் கல் மாதிரி அச்சுக் குத்திய தகரம், அதற்குப் பின்னால் மரம். ஊர் முழுக்க இந்த வேலைதான். ஒற்றை மாடிக் கடையின் முகப்பை மட்டும் மேலே இழுத்து இரண்டு மாடியாகக் காட்டியிருப்பார்கள். பக்கத்துச் சந்துக்குள் எட்டிப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். 1899-ல் எழுந்த பேலஸ் கிராண்ட் நாடக அரங்கம் அழகுதான். ஆனால் இப்போது நிற்பது 1962-ல் திரும்பக் கட்டியது என்று தெரிந்ததும் எனக்குச் சுருதி இறங்கிவிட்டது. 1900-ல் கட்டிய அஞ்சலகம் அப்படியில்லை. மூலையில் எண்கோணக் கோபுரத்தோடு நிற்கிறது. அதற்கு முன்பெல்லாம் கடிதம் வாங்க நாள்கணக்கில் வரிசையில் நிற்பார்களாம்.

மூன்றாம் அவென்யூவுக்கு வந்ததும் எல்லாருடைய கேமராவும் வெளியே வந்தது. பாழடைந்த பழைய மரக் கடைகள், ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்தபடி. முத்தமிடும் கட்டடங்கள் என்று செல்லப் பெயர்.

“என்னங்க, குடிச்சிட்டு ஒருத்தர் தோள்ல ஒருத்தர் சாஞ்சு நிக்கிற மாதிரி இல்ல?” என்றாள் மனைவி. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

காரணம் கீழே இருக்கிறது. பெர்மாஃப்ராஸ்ட், அதாவது கோடையிலும் உருகாத உறைமண். மேலே வீடு கட்டி அடுப்பு மூட்டினால் அந்தச் சூடு தரைக்குள் இறங்கும். மண்ணோடு கலந்த ஐஸ் உருகும், மண் சேறாகும், வீடு அமிழும். அதுவும் ஒரே சீராக அமிழாது. சூடு அதிகம் பட்ட பக்கம் முதலில் இறங்கும். அதனால் இங்கே பல வீடுகளைச் சரளைக் கல்லைக் கொட்டி அதன்மேல் மரக்கட்டைகளை அடுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். சாய்ந்தால், லாரிக்குச் சக்கரம் மாற்றுகிற மாதிரி ஜாக்கி வைத்துத் தூக்கி மட்டம் பார்க்கிறார்கள். இந்தக் கடைகளை மட்டும் உறைமண் என்ன செய்யும் என்று காட்டுவதற்காகவே நிமிர்த்தாமல் விட்டிருக்கிறார்களாம்.

இதே மண் செய்த இன்னொரு காரியமும் உண்டு. அந்தக் காலத்தில் மௌனப் படச் சுருள்கள் ஊர் ஊராகப் போய்க் கடைசியில் டாசனுக்கு வரும். திருப்பி அனுப்புகிற செலவுக்குக் கம்பெனிகள் தயாரில்லை. சுருள்கள் சேர்ந்துகொண்டே போயின. சிலவற்றை ஆற்றில் வீசினார்கள், சிலவற்றை எரித்தார்கள். 1929-ல் பழைய நீச்சல் குளம் ஒன்றைத் தூர்க்க மண்ணோடு படச் சுருள்களையும் போட்டு மூடிவிட்டார்கள். மேலே ஐஸ் ஹாக்கி ஆடினார்கள். 1978-ல் கட்டட வேலைக்குத் தோண்டியபோது 533 சுருள்கள் கிடைத்தன. வேறெங்கும் பிரதி இல்லாத படங்களும் அவற்றில் இருந்தன. தீப்பற்றக்கூடிய நைட்ரேட் பிலிம், ஐம்பது வருடம் அந்தக் குளிரில் கிடந்து பிழைத்திருக்கிறது.

மதியம் ஆற்றோரம் இருக்கும் டானோஜா ஜோ பண்பாட்டு மையத்துக்குப் போனோம். இந்த மண்ணின் பூர்வகுடிகளான ட்ரொண்டெக் ஹ்வெச்சின் மக்களின் மையம். தங்கம் தேடிக் கூட்டம் வந்து குவிந்தபோது அவர்களுடைய தலைவர் ஐசக், மக்களை ஆற்றின் கீழ்ப்புறம் மூஸ்ஹைடு என்ற இடத்துக்கு அழைத்துப் போனார். பாட்டும் நடனமும் அழிந்துவிடக் கூடாது என்று அலாஸ்காவிலிருந்த உறவினரிடம் ஒப்படைத்தார். காலையில் பார்த்த முகப்புகளைவிட நான் அதிக நேரம் நின்றது இங்கேதான்.

இரவு அறைக்குத் திரும்பினோம். மகள் மேசையில் வைத்த தண்ணீர் பாட்டில் சாய்ந்து, மெல்ல உருண்டு, கீழே விழுந்தது. கதவு வழக்கம்போலத் திறந்துகொண்டது.

“தாழ்ப்பாள் சரியாத்தான் இருக்குப்பா” என்றாள். நான் எழுந்து போய் நாற்காலியை முட்டுக் கொடுத்தேன்.