லயத்து வாசலில் பத்து நிமிடச் சிரிப்பு

சிரிப்பு வரவேண்டும் என்று பலர் போனில் ஜோக் தேடுகிறார்கள். தேட வேண்டியது ஜோக்கை அல்ல, ஆட்களை. தனியே இருக்கும்போது சிரிப்பதைவிட மற்றவர்களோடு இருக்கும்போது 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறோம் என்று அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் புரொவைன் கண்டார். தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் வரிசையாக நிற்கும் பெண்களைப் பாருங்கள். "என்னக்கா, கூடையில பாதி மழைத்தண்ணியா?" என்று ஒருவர் கேட்டால் போதும், வரிசை முழுக்கச் சிரிக்கும். அது ஜோக்கே இல்லை.

மும்பை மருத்துவர் மதன் கட்டாரியா 1995 மார்ச்சில் ஒரு பூங்காவில் 5 பேரோடு சிரிப்புக் கழகம் தொடங்கினார். கொஞ்ச நாளில் நல்ல ஜோக் தீர்ந்து, மனசை நோகடிக்கும் ஜோக்குகள் வரத் தொடங்கின. அதற்குப் பிறகுதான் ஜோக் இல்லாமலே சிரிக்கும் பயிற்சி உருவானது. நம் லயங்களிலும், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளிலும், இதைக் கவனிக்க வேண்டும். ஒருவருடைய நிறத்தையோ நடையையோ வைத்துப் பட்டப்பெயர் சொல்லிச் சிரித்தால், அந்த ஆள் மறுநாள் சிரிக்கும் கூட்டத்துக்கு வரமாட்டார். பிள்ளைகள் அப்படிச் சிரித்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இந்தச் சிரிப்புப் பயிற்சிக்கு ஆறு பேர் முதல் பத்துப் பேர் வரை போதும். வேலை முடிந்து குளித்த பிறகு, ராச்சாப்பாட்டுக்கு முன் நல்ல நேரம். சாப்பிட்ட கையோடு செய்தால் வயிறு புரட்டும். இஸ்தோப்பில் (வீட்டு முன் திண்ணையில்) வரிசையாகத்தான் நிற்க முடியும். முகம் பார்க்காமல் சிரிப்பு தொற்றாது. அதனால் வாசலில் வட்டமாக நில்லுங்கள்.

முதல் ஒரு நிமிடம் கைதட்டியபடி "ஹோ ஹோ, ஹா ஹா ஹா". பிறகு 4 எண்ணும்வரை மூக்கால் மூச்சை இழுத்து, 8 எண்ணும்வரை வாயால் விடுங்கள், மூன்று தடவை. நுவரெலியாக் குளிரில் வாயால் இழுத்தால் தொண்டை வறண்டு இருமல் வரும். அடுத்தது தேத்தண்ணி ஆற்றும் சிரிப்பு: இல்லாத இரண்டு கோப்பைகளில் மாற்றி மாற்றி ஊற்றி, ஒரே மடக்கில் குடித்து, அண்ணாந்து சிரிக்க வேண்டும். 30 வினாடி சிரிப்பு, ஒரு மூச்சு ஓய்வு, மறுபடியும். முதல் கிழமை பொய்ச் சிரிப்பாகத்தான் இருக்கும். எதிரே நிற்கும் மாமியின் முகத்தைப் பார்த்துப் பார்த்தே அது மெய்யாகும்.

குரல் கம்மினால், சிரிப்பு தொண்டையிலேயே நிற்கிறது என்று அர்த்தம். வயிற்றில் கை வையுங்கள். ஒவ்வொரு "ஹா"வுக்கும் வயிறு உள்ளே போகவேண்டும். முடிவில் இரண்டு நிமிடம் பேசாமல் உட்காருங்கள், இல்லாவிட்டால் தலை கிறுகிறுக்கலாம்.

கூட்டாகச் சிரித்தவர்கள் வலியை அதிகம் தாங்குகிறார்கள் என்று ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் ராபின் டன்பாரின் குழு 2011இல் காட்டியது. நாள் முழுக்கக் கூடை சுமந்த தோளுக்கு அது சின்ன விஷயமில்லை. உடம்பு மெலியும் என்று மட்டும் நம்ப வேண்டாம். 10, 15 நிமிடச் சிரிப்புக்கு 10 முதல் 40 கலோரிதான் செலவாகும்; இரண்டு தேக்கரண்டி சீனியிலேயே 30 கலோரிக்கு மேல் இருக்கிறது.

சிரிக்கும்போது தசைகள் தளர்வதால், பாரத்தோடு ஈரச் சரிவில் இறங்குகிறவரைச் சிரிக்க வைக்காதீர்கள். குடலிறக்கம் உள்ளவர்கள், அண்மையில் ஒபரேசன் செய்தவர்கள், கர்ப்பிணிகள், அடங்காத பிரஷர் உள்ளவர்கள் டொக்டரைக் கேட்காமல் சேரக்கூடாது. ஆஸ்துமா இருந்தால் பம்ப் கையிலேயே இருக்கட்டும்.

சிரித்தால் சிறுநீர் கசியும் என்று பல பெண்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். பிள்ளை பெற்றவர்களுக்கு அது சகஜம், குறைக்கவும் முடியும். சிறுநீரை அடக்குவதுபோல அடித்தசையை 5 வினாடி இறுக்கி, 5 வினாடி தளர்த்துங்கள்; ஒரு தடவைக்குப் பத்து, நாளைக்கு மூன்று தடவை, மூன்று மாதம். சிறுநீர் கழிக்கும்போது மட்டும் இதைச் செய்யக்கூடாது. குறையாவிட்டால் மருத்துவ மாதுவிடம் சொல்லுங்கள்.