பிட் லைனில் வடக்கும் தெற்கும்

ரயில் பெட்டி பராமரிப்பு என் வேலை. பிட் லைன் என்பது பெட்டிக்கு அடியில் இறங்கிப் பார்க்கக் குழி வெட்டிய தண்டவாளம். நாகர்கோவில் ஜங்ஷனுக்குள் வண்டி வரும்போது தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் குத்தவைத்து உட்கார்ந்திருப்போம். சக்கரம் எங்காவது தேய்ந்து தட்டையாகியிருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு 'டொக்' விழும். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே காது சொல்லிவிடும். அப்படி உட்கார்ந்திருந்த ஒரு காலையில், எதிர்ப்பக்கத்தில் இருந்த பீகார் தம்பி வண்டி நின்றதும் எழுந்து வந்து, "அண்ணா, பதினாலு கபூர்தலா" என்றான். எனக்குப் புரியவில்லை. பெட்டி வாசலில் இருக்கும் தகட்டைக் காட்டினான். எந்தத் தொழிற்சாலையில் செய்த பெட்டி என்று அதில் இருக்கும். அவன் ஓரொன்றாக எண்ணியிருக்கிறான்.

அவனும் என்னைப் போல ரயில் பைத்தியம் என்று அன்றைக்குத் தெரிந்தது. போட்டியும் அன்றைக்கே தொடங்கிவிட்டது. ரேக்கில், அதாவது வண்டியின் மொத்தப் பெட்டி வரிசையில், சென்னை பெரம்பூரில் உள்ள ஐ.சி.எஃப். தொழிற்சாலைப் பெட்டி அதிகம் என்றால் தெற்கு ஜெயித்தது. பஞ்சாப் கபூர்தலாவும் உத்தரப் பிரதேசத்து ரேபரேலியும் வடக்குக் கணக்கு. தோற்றவர் டீயும் பழம்பொரியும் வாங்கிக் கொடுக்க வேண்டும்.

நீலப் பெட்டிகள் ஓடிய காலத்தில் நான்தான் ஜெயித்துக்கொண்டிருந்தேன். ஐ.சி.எஃப். 1955-இல் தொடங்கியது, சுவிஸ் நிறுவனத்தின் வடிவமைப்பில் இந்தியா முழுக்க ஓடிய பெட்டிகள் அங்கே பிறந்தவை. அந்த ரகத்தின் கடைசிப் பெட்டி 2018 ஜனவரியில் பெரம்பூரை விட்டு வெளியே வந்தது. அதற்குப் பதிலாக வந்த ஜெர்மன் வடிவமைப்பு எல்.எச்.பி. பெட்டிகளில் வடக்கு முந்திக்கொண்டது. முதல் பெட்டிகள் ஜெர்மனியிலிருந்து வந்து இறங்கின. அப்புறம் கபூர்தலாவில்தான் செய்ய ஆரம்பித்தார்கள். பெரம்பூரும் எல்.எச்.பி. செய்யத் தொடங்கிய பிறகே எனக்கு மறுபடியும் டீ கிடைத்தது. வந்தே பாரத் பேச்சை நான் எடுத்தால் மட்டும் அவனிடம் பதில் தயாராக இருக்கும். 2018-இல் அதைச் செய்தது பெரம்பூர்; 2019 பிப்ரவரியில் முதல் ஓட்டம் புதுடெல்லி – வாரணாசி. "செஞ்சது நீங்க, முதல்ல ஏறினது நாங்க" என்பான். சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்கு அது வர 2024 ஆகஸ்ட் ஆனது.

அவன் ஊர் ஜமால்பூர். அங்கே ரயில்வே ஒர்க்ஷாப் 1862-இல் தொடங்கியது. அவன் தாத்தாவும் அப்பாவும் அதில் வேலை செய்தவர்கள். ராயபுரம் ஸ்டேஷன் 1856 என்று நான் சொன்னால், 1853-இல் பம்பாய் போரிபந்தரிலிருந்து தாணேக்கு வண்டி ஓடிவிட்டதே என்பான். பம்பாய் நர்மதைக்குத் தெற்கே இருக்கிறது, அது எப்படி உங்கள் கணக்கில் வரும் என்று மடக்குவேன். அதோடு விடாமல், 1837-இலேயே சென்னைக்குப் பக்கத்தில் செங்குன்றத்தில் கல் ஏற்றிச் செல்லத் தண்டவாளம் போட்டிருந்தார்கள் என்பதையும் எடுத்து வைப்பேன். இதையெல்லாம் நான் தேடிப் படித்ததே அவனிடம் தோற்கக் கூடாது என்பதற்காகத்தான்.

ஒரு நாள் சாதாரணமாகக் கேட்டான்: "உங்க நாகர்கோவிலுக்கு எப்ப அண்ணா ரயில் வந்தது?"

1979 என்றேன். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரி வரை வந்த பாதை அது. திருநெல்வேலிப் பக்கம் இணைந்தது 1981-இல். 1979 வரை ரயில் ஏற வேண்டுமென்றால் திருநெல்வேலிக்கோ திருவனந்தபுரத்துக்கோ பஸ்ஸில் போக வேண்டும். முதல் வண்டியைப் பார்க்க அப்பா வயல் வேலையை விட்டுவிட்டு இரணியலுக்கு நடந்து போனாராம். இன்ஜின் கடந்து போன பிறகு தண்டவாளத்தில் கை வைத்துப் பார்த்தாராம், சூடாக இருந்ததாம். இதைச் சொன்னதும் தம்பி மனதுக்குள் ஏதோ கணக்குப் போட்டான். "எங்க ஒர்க்ஷாப்புக்கு 117 வருஷம் கழிச்சு" என்றான். அன்றைக்கு அவன் கிண்டல் செய்யவில்லை. டீக்குக் காசையும் அவனே கொடுத்தான்.

வடக்கு வண்டி தாமதமாக வருவதைத்தான் எங்கள் செட்டில் எல்லோரும் அவனிடம் குத்திக் காட்டுவோம். டிசம்பர், ஜனவரியில் மூடுபனி இறங்கிவிட்டால் வண்டி எட்டு மணி, பத்து மணி நேரம் தள்ளி வரும். அன்று மாலையே திரும்பப் போக வேண்டிய ரேக்காக இருந்தால் எங்கள் பாடு திண்டாட்டம். ஒரு ஜனவரியில் நான் எரிச்சலில் ஏதோ சொல்லிவிட்டேன். அவன் கோபப்படவில்லை. சிக்னல் கண்ணுக்குத் தெரியாத பனியில், அதற்கு முன்னாலேயே தண்டவாளத்தில் வெடி வைத்துவிட்டு, விடிய விடிய அங்கேயே நிற்கும் ஆட்களைப் பற்றிச் சொன்னான். சக்கரம் ஏறியதும் அது வெடிக்கும். சிக்னல் வருகிறது என்று டிரைவர் தெரிந்துகொள்வார். அவன் சித்தப்பா அந்த வேலை பார்த்தவர். "நீங்க காதால சக்கரத்தைக் கேக்கறீங்க அண்ணா, அவங்க காதால சிக்னலைக் கேக்கறாங்க." அதற்கப்புறம் பனித் தாமதத்தைப் பற்றி நான் வாய் திறந்ததில்லை.

அன்றைக்கு அந்த ரேக்கை இரண்டு பேரும் பெட்டி பெட்டியாகப் பார்த்து முடித்தோம். கடைசிப் பெட்டியில் காற்றழுத்தம் பிரேக் பைப்பில் 5 கிலோவும் ஃபீட் பைப்பில் 6 கிலோவும் காட்டியபோது அவன் கேஜைத் தட்டி, "சரி மக்கா" என்றான். எங்கள் ஊர்ப் பேச்சு அதற்குள் அவன் நாக்கில் ஏறிவிட்டது.

சாப்பாட்டில் மட்டும் இன்றுவரை தீர்ப்பில்லை. ஊருக்குப் போய் வந்தால் தேகுவா கொண்டு வருவான். கோதுமை மாவும் வெல்லமும் நெய்யும் சேர்த்துப் பொரித்தது. மூன்று நாள் ரயிலில் வந்தாலும் கெடாது. எங்கள் வீட்டு முந்திரிக்கொத்து மட்டும் கெடுமா என்ன? சிறுபயறும் வெல்லமும் தேங்காயும் பிடித்து, அரிசி மாவில் முக்கிப் பொரித்தது. பத்து நாள் தாங்கும். எது நீண்ட பயணத்துக்கு நல்லது என்று கன்னியாகுமரியிலிருந்து அஸ்ஸாமின் திப்ருகர் போகும் விவேக் எக்ஸ்பிரஸை வைத்து வாதாடுவோம். அது 4,100 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் வண்டி.

ஒரு வருடம் சட் பூஜைக்கு அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. தீபாவளி முடிந்த ஆறாம் நாள் மறையும் சூரியனுக்கும், மறுநாள் உதிக்கும் சூரியனுக்கும் தண்ணீரில் நின்று அர்க்கியம் கொடுக்கும் பூஜை அது. முங்கேரில் கங்கைக் கரையில் அவன் அம்மா நிற்பார்கள். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாமல் இருந்தான். ட்யூட்டி முடிந்ததும் அவனைக் கன்னியாகுமரிக்குக் கூட்டிப் போனேன். முக்கடல் துறையில் முழங்கால் தண்ணீரில் நின்று, கடலுக்குள் இறங்கும் சூரியனுக்கு நீர் விட்டான். இரவு தெரிந்தவர் வீட்டில் படுத்தோம். விடியற்காலை அதே துறைக்குப் போனோம். எதிர்ப்பக்கம் கடலிலிருந்து சூரியன் மேலே வந்தது. அவன் வீடியோ காலில் அம்மாவிடம் காட்டினான். அங்கே அம்மா, இங்கே மகன், இரண்டு பேரும் தண்ணீரில்.

கரைக்கு வந்து, கால் மணலைத் தட்டிவிட்டு, "ரெண்டு சூரியனும் கடல்ல. இதுல தெற்குதான் அண்ணா" என்றான்.

எட்டு மணி ட்யூட்டிக்கு நேரமாகிவிட்டது. ஸ்டேஷனுக்கு ஓடி நாகர்கோவில் வண்டியைப் பிடித்தோம். எனக்கு முன்னால் ஏறியவன் வாசலில் தகட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினான்.

"கபூர்தலா. டீ உங்களோடது."