பகலுக்கு ஒரு மேப், ராத்திரிக்கு ஒரு மேப்

எஞ்சின் ட்யூனருக்கு 18,000 ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டில் 8,000 என்று சொல்லியிருக்கிறேன், யாரும் போட்டுக்கொடுக்க வேண்டாம்.

993 சிசி கார்பரேட்டர் மாருதி ஜென்னில் ஸ்பீடுயினோ (கார்பரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டரால் பெட்ரோல் தெளிக்கவைக்கும் எஞ்சின் கம்ப்யூட்டர்) ஏற்றி ஏழு மாதம். வண்டி இழுக்கிறது, ஐடிலிங் மட்டும் சொன்ன பேச்சு கேட்காது. ராத்திரி உட்கார்ந்து விஈ டேபிளை (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் அட்டவணை, இதுதான் மேப்) திருத்தி லாம்டாவை 1.0-க்குக் கொண்டுவருவேன். லாம்டா என்பது காற்று-பெட்ரோல் கலவை: 1.0 என்றால் சரி, குறைந்தால் பெட்ரோல் அதிகம், ஏறினால் பெட்ரோல் போதவில்லை. காலையில் பார்த்தால் 0.88, சைலன்சரில் பெட்ரோல் நாற்றம். பெட்ரோலைக் குறைப்பேன். ராத்திரி மறுபடி விக்கும். டிபிஎஸ் (த்ராட்டில் சென்சர்) மாற்றினேன். எங்காவது காற்று கசிந்து உள்ளே போகிறதா என்று வேக்யூம் லீக் தேடி மேனிஃபோல்டு கேஸ்கெட்டை இரண்டு தடவை கழற்றினேன்.

கோவையில் அந்த ட்யூனர் தம்பி லேப்டாப்பைத் தொடவே இல்லை. "ஐடிலிங்ல விட்டு ஹெட்லைட்டப் போடுங்ணா" என்றார். லாம்டா 1.12-க்கு ஏறியது. அணைத்தால் இறங்கியது. என் ஷெட்டில் பல்பு ஃப்யூஸ் போய் மாதக்கணக்காகிறது. இத்தனை நாளும் ஹெட்லைட் வெளிச்சத்தில்தான் ட்யூன் செய்துகொண்டிருந்தேன்!

இன்ஜெக்டர் டெட் டைம்தான் வில்லன். இன்ஜெக்டருக்குக் கரண்ட் பாய்ந்ததற்கும் அதன் ஊசி திறப்பதற்கும் இடையில் ஆகும் நேரம். ஹெட்லைட் போட்டால் வோல்டேஜ் இறங்கும், இந்த நேரம் நீளும். 14 வோல்ட்டில் 0.9 மில்லி செகண்ட் என்றால் 12-ல் 1.2 ஆகிவிடும். நான் எல்லா வோல்டேஜுக்கும் ஒரே எண்ணைப் போட்டுவைத்திருந்தேன். ஃபுல் த்ராட்டிலில் இந்த 0.3 தெரியாது. ஐடிலிங்கில் மொத்த பல்ஸே 2.3தான், அதில் பெட்ரோல் வருவது 1.4. ஐந்தில் ஒரு பங்கு அம்போ.

ஆல்டர்னேட்டர் பிளக்கைக் கழற்றி, பேட்டரி மெல்ல இறங்க இறங்க, லாம்டா அசையாதபடி வோல்டேஜ் கர்வை ஒவ்வொரு புள்ளியாக நிமிர்த்தினார். நாற்பது நிமிடம். இப்போது லைட், ஃபேன், வைப்பர் எல்லாம் போட்டாலும் முள் ஆடவில்லை.

இன்ஜெக்டர்கள் சென்னை புதுப்பேட்டைப் பழைய பார்ட்ஸ் கடைகளில் பொறுக்கியவை, டெட் டைம் டேட்டாவெல்லாம் எதிர்பார்க்க முடியாது. லாம்டாவை அளக்கும் வைட்பேண்ட் சென்சரை மட்டும் ஆன்லைனில் பாதி விலைக்கு வாங்காதீர்கள். என் முதல் சென்சர் இரண்டு வாரத்தில் செத்தது, டப்பாவில் இருந்த எழுத்தே கோணல். இன்னொரு விஷயத்துக்கு ட்யூனரிடம் திட்டும் வாங்கினேன்: கேஜை ஏஎஃப்ஆரில் (காற்று-பெட்ரோல் எடை விகிதம்) வைத்திருந்தேன். அது 14.7 காட்டினாலும், 20% எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோலில் உண்மைக் கணக்கு 13.5 பக்கம். லாம்டாவையே பாருங்கள்.

டைனோவில் (பவர் அளக்கும் மெஷின்) சக்கரத்தில் 41 குதிரை. புதிதில் எஞ்சினிலேயே 50தான், போதும்.

அடுத்து ஸ்பார்க்கைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரைத் தூக்கிவிட்டு 36-1 பல்சக்கரம் (36 பல் இடத்தில் ஒன்று மட்டும் இல்லாதது, எஞ்சின் எந்த நிலையில் சுற்றுகிறது என்று ஸ்பீடுயினோவுக்குச் சொல்லும்). லேத்காரரிடம் அளவு கொடுத்தாச்சு. கோல்டு ஸ்டார்ட் இன்னும் பாக்கி. எஞ்சின் ஒரு ராத்திரி முழுக்க ஆறினால்தான் ஒரு தடவை முயற்சி செய்ய முடியும், அதை நீங்களே வீட்டில் செய்துகொள்ளுங்கள் என்று ட்யூனர் கைகழுவிவிட்டார். டிசம்பரில் ஊட்டிக்கு ஓட்டிப்போய்ப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். அதுவரை காலையில் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்துக்கொண்டுதான் ஸ்டார்ட்.